எத்தனை பிரதி அடிப்பது? வரப்போகும் காமிக்ஸை முன்கூட்டியே அறிவிக்கும் முறை

காமிக்ஸ் போடும் சின்னப் பதிப்பாளர்கள் விளம்பரத்தைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். பிரஸ்ஸிலிருந்து புத்தகம் கட்டுக்கட்டாக வந்து, பீரோவுக்குப் பக்கத்தில் அடுக்கி, "இதை எப்பப்பா காலி பண்ணுவ?" என்று அம்மா கேட்ட பிறகுதான் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அட்டைப்படம் ஏறுகிறது. அந்த நேரத்தில் செய்யும் விளம்பரம் அடித்ததை விற்க மட்டுமே உதவும். எத்தனை அடிக்க வேண்டும் என்று அது சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அறிவிப்பு அச்சுக்கு முன்னால் போக வேண்டும்.

நான் வேலூர் சைதாப்பேட்டையில் டி.டி.பி. சென்டர் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, காலேஜ் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எல்லாம் இங்கே அடித்துக் கொடுப்போம். அந்த வருமானத்தில் வருஷத்துக்கு ஒன்றிரண்டு காமிக்ஸ் போடுகிறோம். படம் வரைவது குடியாத்தத்தில் இருக்கும் என் சித்தி மகன். கதை, பலூனுக்குள் எழுத்து, பக்கம் கட்டுவது, கவரில் போட்டு ஒட்டுவது எல்லாம் நான். சென்டருக்கு வரும் பையன்களில் அவ்வப்போது ஒருத்தன் நோட்டை நீட்டி, "அக்கா, நாங்களும் ஒரு காமிக்ஸ் வரைஞ்சிருக்கோம், இதை எப்படி நாலு பேருக்குச் சொல்றது?" என்று கேட்கிறான். அவர்களிடம் சொல்வதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் பணக் கணக்கு. ஆஃப்செட்டில் 300 பிரதி அடித்தாலும் 1000 பிரதி அடித்தாலும் ப்ளேட் செலவும் மெஷினில் ஏற்றும் கூலியும் ஒன்றே. அதனால் பிரஸ்காரர், "ஆயிரமா அடிச்சுடுங்கம்மா, ஒரு பிரதி விலை எவ்வளவு இறங்குது பாருங்க" என்பார். அவர் கணக்கு தப்பில்லை. விற்காத 600 பிரதி யார் வீட்டில் தூங்கும் என்பது மட்டும் அதில் வராது. டிஜிட்டலில் 50 பிரதிகூட அடிக்கலாம், ஆனால் ஒரு பிரதியின் விலை பெரிதாக இறங்காது. ஆக, எண்ணிக்கை தெரியாமல் பிரஸ் படி ஏறினால் இரண்டு பக்கமும் அடி.

இந்தக் கணக்கின் மேல் ஒரு தொழிலையே கட்டியவர்கள் அமெரிக்கர்கள். ஒரு காலத்தில் அங்கே காமிக்ஸ் பத்திரிகைக் கடைகளில்தான் கிடைக்கும், விற்காததைத் திருப்பிவிடலாம். 1970களின் தொடக்கத்தில் ஃபில் சூலிங் என்ற நியூயார்க் ஆசாமி பதிப்பாளர்களிடம் வேறு பேரம் பேசினார்: கடைக்குத் தரும் தள்ளுபடியை, அதாவது கழிவைக் கூட்டிக் கொடுங்கள், விற்காததை நாங்கள் திருப்பமாட்டோம். பதிப்பாளர்களுக்கு இனித்தது. ஆனால் திருப்ப முடியாது என்றால் எந்தக் கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஆர்டர் போடுவார்? என்ன கதை, யார் எழுதுகிறார், யார் வரைகிறார், எத்தனை பக்கம், என்ன விலை என்பதெல்லாம் இரண்டு மூன்று மாதம் முன்பே அவர் கைக்கு வர வேண்டும். இப்படித்தான் முன்னறிவிப்பு அங்கே தவிர்க்க முடியாத வேலையானது. டைமண்ட் என்ற விநியோக நிறுவனம் 1988 முதல் 'ப்ரீவ்யூஸ்' என்று மாதாமாதம் தடிமனான ஒரு கேட்டலாக் போட்டது. கடைக்காரர் மட்டுமல்ல, ரசிகரும் அதைக் காசு கொடுத்து வாங்குவார். தனக்கு வேண்டியதைக் குறித்துக் கடையில் கொடுத்துவிடுவார். புத்தகம் விற்பனைக்கு வருவதற்குச் சுமார் மூன்று வாரம் முன்பு வரை கடைக்காரர் ஆர்டரைக் கூட்டலாம், குறைக்கலாம். அந்தக் கடைசித் தேதி தாண்டிய பிறகே எத்தனை பிரதி என்பது முடிவாகும்.

2020இல் பேட்மேன் காமிக்ஸ் போடும் டி.சி. டைமண்டை விட்டு விலகியது. 2021இல் இன்னொரு பெரிய பதிப்பாளரான மார்வெல் தன் விநியோகத்தை பெங்குவின் ரேண்டம் ஹவுஸிடம் கொடுத்தது. 2025 ஜனவரியில் டைமண்ட் திவால் மனுவே போட்டுவிட்டது. ஆனாலும் முன்பே சொல், ஆர்டர் வாங்கு, அப்புறம் அடி என்ற வழக்கம் அப்படியே இருக்கிறது.

நம் பக்கம் இந்த வேலையைச் செய்வது சந்தா. சிவகாசியில் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு முத்து காமிக்ஸ் தொடங்கியது, 1984இல் லயன் வந்தது. அவர்கள் அடுத்த வருஷத்து நாயகர்களையும் புத்தகங்களையும் அட்டவணையாக முன்பே அறிவிப்பார்கள், அதைப் பார்த்து வாசகர்கள் சந்தா கட்டுவார்கள். பெரிய தொகுப்பாக இருந்தால் முன்பதிவுக்கு மட்டும் என்று சொல்லியே போடுவதும் உண்டு. ஆசிரியர் எஸ். விஜயன் இதழுக்குள் வாசகரோடு பேசும் பக்கங்களை விளம்பரம் கற்றுக்கொள்கிறவர்கள் ஒருமுறை பொறுமையாகப் படிக்க வேண்டும். வரப்போகிற கதையைப் பற்றி எதிரே உட்கார்ந்திருக்கிறவரிடம் சொல்கிற தொனிதான் இருக்கும். நூறு ஆச்சரியக்குறி செய்யாத வேலையை அந்தத் தொனி செய்கிறது.

அறிவிப்பில் என்ன எழுதுவது

இங்கே நின்று நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான அறிவிப்புகள் விழுவது இந்த இடத்தில்தான்.

எங்களுடைய ஒரு புத்தகம் கோட்டை அகழியைப் பற்றியது. அந்தக் காலத்தில் அகழியில் முதலை விட்டிருந்தார்கள் என்பது வேலூரில் பிறந்த எவரும் கேட்டு வளர்ந்த பேச்சு. அதற்குச் சித்தி மகன் எழுதிக் கொடுத்த அறிவிப்பு இது: "மர்மம் நிறைந்த, திகிலூட்டும், விறுவிறுப்பான சித்திரக்கதை! பக்கத்துக்குப் பக்கம் திருப்பம்! தவறவிடாதீர்கள்!" இதை எந்தக் காமிக்ஸின் மேல் ஒட்டினாலும் ஒட்டும். என் டி.டி.பி. சென்டர் திறப்பு விழா நோட்டீஸில்கூட 'மர்மம்' என்பதை எடுத்துவிட்டுப் போட்டிருக்கலாம்.

நாங்கள் கடைசியில் அனுப்பியது இப்படி இருந்தது:

"1805. வேலூர்க் கோட்டை. குதிரைகளுக்குத் தண்ணீர் காட்ட அகழிக்குப் போன லாயக்காரன் திரும்பவில்லை. முதலை இழுத்துவிட்டது என்று எழுதிக் கணக்கை முடிக்கிறார் கும்பெனித் துரை. விடிந்ததும் அவன் தலைப்பாகை மதிலின் உச்சியில் இருக்கிறது. சொட்டு ஈரமில்லை. மடிப்புக்கூடக் கலையவில்லை. 48 பக்கம், கறுப்பு வெள்ளை, பெரிய அளவு."

அதற்குக் கீழே எழுதியவர், வரைந்தவர் பெயர், விலை, தபால் செலவு, வெளிவரும் தேதி, முன்பதிவு முடியும் தேதி, பணம் அனுப்ப வேண்டிய நம்பர். அவ்வளவுதான். அமெரிக்கக் கேட்டலாக்கில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் கிடைக்கும் இடமும் ஏறக்குறைய இவ்வளவுதான்.

இதில் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, முதல் எட்டுப் பக்கத்துக்குள் நடப்பது மட்டுமே அறிவிப்பில் இருக்கிறது. அதற்கு மேல் ஒரு வரி சொன்னாலும் வாசகரிடமிருந்து எதையோ பிடுங்குகிறோம். இரண்டு, ஊரும் வருஷமும் முதலிலேயே வந்துவிட்டன. வேலூர்க்காரருக்குத் தலைப்பாகை என்றதுமே 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி ஞாபகம் வரும். தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகையை அணியச் சொல்லிச் சிப்பாய்களைக் கட்டாயப்படுத்தியது அந்தக் கொந்தளிப்புக்கு ஒரு முக்கியக் காரணம் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பார். நாம் அதை எழுதிக் காட்ட வேண்டியதில்லை, அவர் தானே முடிச்சுப் போட்டுக்கொள்வார். மூன்று, கறுப்பு வெள்ளை என்பதை மறைக்கவில்லை. கலர் என்று நினைத்து வாங்கி ஏமாந்தவர் அடுத்த புத்தகத்துக்குக் கண்டிப்பாக வரமாட்டார்.

எந்தப் பக்கத்தைக் காட்டுவது

மாதிரிப் பக்கம் ஒன்று கட்டாயம் வேண்டும். பையன்கள் எப்போதும் நன்றாக வரைந்த பக்கத்தைத் தேர்ந்தெடுப்பார்கள், அது பெரும்பாலும் சண்டைக் காட்சியாக இருக்கும். அதைக் காட்டாதீர்கள். பக்க எண்ணைப் பாருங்கள். புத்தகத்தில் ஒற்றைப்படைப் பக்கம் வலது பக்கம் வரும். அதன் கடைசிக் கட்டத்தைப் படித்துவிட்டுத்தான் வாசகர் தாளைப் புரட்டுவார். நல்ல கதாசிரியர் அதிர்ச்சியைப் புரட்டியதும் கண்ணில் படும் இரட்டைப்படைப் பக்கத்தில் வைத்திருப்பார். நீங்கள் காட்ட வேண்டியது அதற்கு முந்தைய வலது பக்கம்.

எங்கள் புத்தகத்தில் அது 11ஆம் பக்கம். காவல்காரன் இருட்டில் அகழிக்குள் வாளி இறக்குகிறான். கயிறு தொய்வாக இறங்குகிறது. அடுத்த கட்டத்தில் தண்ணீர் மட்டும், வசனம் இல்லை. அப்புறம் கயிறு விறைக்கிறது. கடைசிக் கட்டத்தில் இரண்டு கை மட்டும், விரல்முட்டி வெளுத்து, கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. மாதிரிக்காக அந்தக் கட்டத்தில் இருந்த ஒரே பலூனையும் எடுத்துவிட்டோம். அனுப்பிய அன்று ராத்திரியே தோட்டப்பாளையத்துப் பையன் ஒருத்தன், "இன்னாக்கா இருந்துச்சு வாளில? சொல்லுக்கா" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டான். சொல்லவில்லை. முன்பதிவு செய்தான்.

தமிழ்க் காமிக்ஸுக்கு என்று ஒரு தொல்லை இருக்கிறது. நம் சொற்கள் நீளம், பலூன் பெருத்துவிடும், எழுத்தைச் சின்னதாக்கித் திணிப்போம். புத்தகத்தில் படிக்க முடிகிற எழுத்து போன் திரையில் படிக்க வராது. அதனால் முழுப் பக்கத்தை ஒரே படமாக அனுப்பாமல், கட்டங்களை வெட்டி நாலைந்து படமாக வரிசையில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், அனுப்பும்போது ஹெச்.டி. என்று இருப்பதைத் தொட்டுவிட்டு அனுப்புங்கள். பி.டி.எஃப். வேண்டாம். பாதிப் பேர் திறக்கமாட்டார்கள், திறந்த மீதிப் பேரில் ஒருவர் அதை ஊருக்கெல்லாம் அனுப்பிவிடுவார்.

தேதி

"விரைவில்" என்று மட்டும் போடாதீர்கள். ஒரு காலத்துக் காமிக்ஸ்களின் உள் அட்டையில் 'விரைவில் வருகிறது' என்று துப்பாக்கியும் மண்டையோடுமாக வந்த விளம்பரங்களில் சிலவற்றுக்கு வாசகருக்கு மீசை முளைத்து, அது நரைத்தும்கூட, புத்தகம் வரவில்லை. அதே காலத்தில் ராணி காமிக்ஸ் மாதம் இருமுறை தவறாமல் கடையில் தொங்கியது. பையன்கள் விளம்பரம் பார்த்தா போனார்கள்? காலண்டரைப் பார்த்துப் போனார்கள்.

அறிவிப்புக்கும் புத்தகத்துக்கும் நடுவில் ஐந்தாறு வாரம் சரியாக இருக்கும். அமெரிக்காவின் மூன்று மாதம் கடைக்காரர்களுக்காக. நேராக வாசகருக்கு விற்கும் நமக்கு அவ்வளவு நீட்டினால் ஆறிப்போகும். படம் முழுக்க வரைந்து முடியும் முன் அறிவிக்கவே கூடாது. பென்சில் முடிந்திருக்கிறது, மை போடுவதுதான் பாக்கி என்றால்கூட நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

எந்த மாதம் என்பதை ஊரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மார்ச்சில் பொதுத்தேர்வு, பல வீடுகளில் டி.வி. கேபிளையே பிடுங்கிவிடுவார்கள். ஏப்ரல் கடைசியில் பரீட்சை எல்லாம் முடிந்திருக்கும், அதுதான் நல்ல நேரம். மே மாத அக்னி நட்சத்திரத்தில் பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்து கிடந்து படிப்பார்கள், ஆனால் வேலூர் வெயிலில் கடைத்தெருவுக்கு வரமாட்டார்கள். அதனால் மே மாதப் புத்தகம் என்றால் தபாலை நம்பித்தான் போட வேண்டும். வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அந்த வாரம் எங்கள் ஓவியர் பென்சிலைத் தொடமாட்டார் என்பது எனக்குத் தெரியும், அதையும் கணக்கில் வைத்துத்தான் தேதி சொல்வேன். ஜூனில் பள்ளிக் கட்டணம், நோட்டு, ஷூ. அப்போது காமிக்ஸுக்குக் காசு கேட்கும் பிள்ளைக்குத் திட்டு விழும், அந்தத் திட்டில் பாதி நமக்குச் சேரும். ஆகஸ்டில் ஈரோட்டுப் புத்தகத் திருவிழா, ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. இந்த இரண்டிலும் பெரிய பதிப்பாளர்கள் புதுசு இறக்குவார்கள். அவர்களுக்கு ஒரு மாதம் முன்போ பின்போ நகர்ந்துகொள்வது புத்திசாலித்தனம். வாசகரின் பர்ஸ் ஒன்றுதானே.

யாருக்குச் சொல்வது

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அந்தச் செய்தி போய்ச் சேரும். இது தெரியாமல் பலர், "இருநூறு பேருக்கு அனுப்பினேன், ஒருத்தரும் பதில் போடலை" என்று நொந்துகொள்கிறார்கள். அதனால் ஒருவர் புத்தகம் வாங்கும்போதே, அவர் போனில் நம் பெயரைச் சேமிக்க வைத்துவிட வேண்டும். பில் போடும் நேரத்தில், "சேவ் பண்ணிக்கோங்க, அடுத்தது வரும்போது சொல்றேன்" என்று நின்று பார்த்துவிட்டே அனுப்புவேன். இன்ஸ்டாகிராமில் லைக் நிறைய விழும், அழகாகவும் இருக்கும். முன்பதிவு வருவது வாட்ஸ்அப்பில்தான்.

ஐந்து வாரமும் தினம் ஒரு படம் போட்டால் ஆட்கள் ம்யூட் செய்துவிடுவார்கள். முதல் வாரம் அறிவிப்பு. நடுவில் ஒருமுறை மாதிரிப் பக்கம். முன்பதிவு முடிவதற்கு இரண்டு நாள் முன்னால் ஒரு நினைவூட்டல். வேறு எதுவும் வேண்டாம்.

முன்பதிவு செய்கிறவரிடம் முகவரி வாங்கும்போது பின்கோடைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகிவிட்டன, ஆனால் வாலாஜாக்காரரும் வாணியம்பாடிக்காரரும் இன்னும் பழக்கத்தில் வேலூர் மாவட்டம் என்று எழுதிவிடுகிறார்கள். 1989இல் பிரித்துவிட்ட வட ஆற்காட்டை இன்னமும் விடாத பெரியவர்கள் உண்டு. பின்கோடு சரியாக இருந்தால் எந்தப் பெயரில் எழுதினாலும் போய்விடும். தபால் செலவைச் சேர்த்தே விலை சொல்லுங்கள். 2025 செப்டம்பரில் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது, பழைய கட்டணத்தை மனதில் வைத்துக்கொண்டு விலை வைத்தால் கைக்காசு போகும். முன்பதிவை அறிவிப்பதற்கு முன்பே ஒரு டம்மி பிரதியைக் கவரில் போட்டு எடை பார்த்துவிடுவது நல்லது.

முன்பதிவு செய்பவருக்கு என்ன தருவது

தள்ளுபடியை விட ஒரு சின்னப் பொருள் நன்றாக வேலை செய்கிறது. பிரிட்டனில் புதிய காமிக்ஸ் பத்திரிகை தொடங்கினால் முதல் சில இதழ்களோடு இலவசப் பொருள் கொடுப்பது பழைய வழக்கம். 1938இல் பீனோ முதல் இதழோடு ஒரு முகமூடி. 1977 பிப்ரவரியில் '2000 ஏ.டி.' என்ற பத்திரிகையின் முதல் இதழோடு பிளாஸ்டிக்கில் ஒரு சுழற்றி எறியும் தட்டு.

குடியாத்தம் தீப்பெட்டித் தொழிலுக்குப் பேர் போன ஊர். சித்தப்பா தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்தவர், அவர் வீட்டு டிரங்குப் பெட்டியில் பழைய லேபிள்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றைப் பார்த்து, அதே அளவில், அதே சிவப்பு மஞ்சளில், வாயைப் பிளந்த முதலையோடு ஒரு லேபிள் வரைந்தான் சித்தி மகன். நிஜத் தீப்பெட்டியிலேயே ஒட்டி அனுப்பலாம் என்று துள்ளினான். எளிதில் தீப்பற்றும் பொருளைத் தபாலில் போடக் கூடாது, ஆகவே லேபிள் மட்டும் போயிற்று. அட்டை அச்சடிக்கும் ஷீட்டில் ஓரமாக மிஞ்சும் இடத்திலேயே அதை அடித்துக்கொண்டதால் தனிச் செலவே இல்லை. இந்த ஓர இடத்தைப் பிரஸ்காரர் தானாகச் சொல்லமாட்டார், கேட்டு வாங்க வேண்டும்.

ஒரே புத்தகத்துக்கு இரண்டு மூன்று அட்டை போட்டு எல்லாவற்றையும் வாங்க வைக்கும் வித்தையை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 1991இல் மார்வெலின் எக்ஸ்-மென் முதல் இதழ் ஐந்து அட்டைகளில் வந்தது. நாலை ஒட்டினால் ஒரே படம், ஐந்தாவதில் அந்த முழுப்படமும். 80 லட்சத்துக்கு மேல் போனதாகச் சாதனை சொல்வார்கள். ஆனால் அது கடைக்காரர்கள் ஆர்டர் செய்த எண்ணிக்கை. கடைக்காரர்களும் பிற்பாடு விலை ஏறும் என்று நம்பியவர்களும் பெட்டி பெட்டியாக வாங்கி வைத்தார்கள், கொஞ்ச வருஷத்தில் அந்தச் சந்தையே படுத்து, ஏராளமான கடைகள் மூடின. எண்ணிக்கை தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் முன்னறிவிப்பு. அந்த எண்ணிக்கையையே ஊதிக்கொண்டால் அப்புறம் எதற்கு?

வாசகரிடம் கருத்துக் கேட்பதிலும் ஓர் எல்லை வேண்டும். 1988இல் டி.சி. பேட்மேனின் துணைவன் ராபின் சாக வேண்டுமா பிழைக்க வேண்டுமா என்று போனில் ஓட்டு கேட்டது. சாகட்டும் என்று 5,343, பிழைக்கட்டும் என்று 5,271. பையன் செத்தான். பரபரப்பு கிடைத்தது, நான் அதைச் செய்யமாட்டேன். கதை எழுதுகிறவர் கையில் இருக்க வேண்டியது அது. இரண்டு அட்டை ஓவியத்தில் எது பிடித்திருக்கிறது என்று கேளுங்கள், போதும். ஓட்டுப் போட்டவர் அந்தப் புத்தகம் தன்னுடையது என்று நினைத்துக்கொள்வார்.

எனக்குப் பிடித்த விளம்பரம் எல்லாவற்றிலும் பழையது. டின்டின் என்ற காமிக்ஸ் நாயகனின் முதல் சாகசம் பெல்ஜியத்தில் பத்திரிகைத் தொடராக முடிந்தபோது, 1930 மே 8 அன்று பிரஸ்ஸல்ஸ் ரயில் நிலையத்தில் டின்டின் வேஷம் போட்ட ஒரு பையனை நாயோடு வந்து இறங்க வைத்தார்கள். கூட்டம் திரண்டுவிட்டது. பத்திரிகையில் படித்த நாயகனே ரயிலிலிருந்து இறங்கினால் எந்தப் பிள்ளை வீட்டில் இருக்கும்? காட்பாடி ஜங்ஷனில் இப்படி ஒன்று செய்ய எனக்குக் கொள்ளை ஆசை. ரயில்வே அனுமதி வாங்குவதை நினைத்தாலே அயர்வு வருகிறது. புத்தகத் திருவிழாவில் தலைப்பாகைக்காரன் ஒருவனைச் சுற்ற விடுவதோடு நிறுத்திக்கொண்டோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காலையில் வரிசையாக வருவார்கள், காசு குறைவாகத்தான் வைத்திருப்பார்கள். அவர்களிடம் புத்தகத்தை நீட்டாமல், 11ஆம் பக்கம் அச்சடித்த துண்டுத்தாளைக் கொடுங்கள். சாயங்காலம் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு திரும்ப வருகிறவர்களில் சிலர் அந்தத் தாளோடு வருவார்கள்.

அந்தத் தாளில் எழுத்து குறைவாக இருந்ததால் எதிர்பாராத ஒன்று நடந்தது. சி.எம்.சி. மருத்துவமனைப் பக்கத்தில் நோயாளிகளோடு வங்காளத்திலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள் நிறையப் பேர் என்று வேலூருக்கு வந்தவர்களுக்குத் தெரியும். கடைப் பலகைகளே வங்காள எழுத்தில் இருக்கும். அங்கே ஜெராக்ஸ் கடையில் கிடந்த தாளைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர் விசாரித்துக்கொண்டு சென்டருக்கே வந்துவிட்டார். நாராயண் தேப்நாத் வரைந்த பாண்டுல் என்ற வங்காளக் காமிக்ஸ் கதைகளைப் படித்து வளர்ந்தவராம். தமிழ் ஒரு எழுத்து தெரியாது. படத்துக்காகவே ஒரு பிரதி வாங்கிக்கொண்டார். இதிலிருந்து வங்காளத்தில் விளம்பரம் செய்யுங்கள் என்று நான் சொல்லவரவில்லை.

கடைகளும் கடைசிக் கணக்கும்

கடைகளில் விற்றுக் கொடுக்கும் முறையில் புத்தகம் வைத்தால் பணம் வருவது அவர்கள் மனதைப் பொறுத்தது. ஒரு கடையில் வைத்த பிரதிகளுக்கு இன்றுவரை காசும் வரவில்லை, புத்தகமும் வரவில்லை. போனால் "முதலாளி இல்ல" என்பார்கள். இப்போது முன்பதிவுக் காலத்திலேயே கடைகளுக்கும் அறிவிப்பை அனுப்பி, எத்தனை வேண்டும் என்று கேட்டுவிடுகிறேன். ரொக்கத்துக்கு எடுத்தால் கழிவு அதிகம், திருப்ப முடியாது. வைத்து விற்றால் கழிவு குறைவு. அந்த நியூயார்க்காரரின் பேரம்தான், சைதாப்பேட்டை அளவில். பத்து பிரதி ரொக்கத்துக்கு எடுக்கும் கடைக்காரர், தன் காசு முடங்கக் கூடாது என்பதற்காகவே அதை முன்வரிசையில் வைப்பார்.

முன்பதிவு முடிந்த மறுநாள் மூன்று எண்களை எழுதுங்கள்: பணம் கட்டிய முன்பதிவு, கடைகளின் ரொக்க ஆர்டர், அடுத்த புத்தகத் திருவிழாவில் கையால் விற்க முடியும் என்று நீங்கள் நம்புவது. மூன்றாவதைப் பாதியாக வெட்டுங்கள். கூட்டி வருவதோடு, பிழைப் பிரதி, தபாலில் நசுங்குவது, ஓவியரின் சொந்தக்காரர்கள் ஆகியவற்றுக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு பிரஸ்ஸுக்குப் போங்கள். "வாங்கறேன்", "கண்டிப்பா எடுக்கறேன்", "சூப்பர்க்கா" என்று சொன்னவர்களை எண்ணாதீர்கள். பணம் கட்டாத வரை அது பாராட்டுதான்.

தேதி தவறும் என்று தெரிந்தால் தெரிந்த அன்றே சொல்லிவிடுங்கள். காரணத்தை ஒரு வரியில் சொல்லி, புதுத் தேதி கொடுத்து, வேண்டாம் என்பவருக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாகவும் எழுதுங்கள். கேட்பவர் மிகச் சிலராகத்தான் இருப்பார்கள். அப்படிக் கேட்டவருக்கு அன்றைக்கே அனுப்பிவிட வேண்டும்.

பிரஸ்ஸுக்குப் பக்கங்கள் போகும் முன் கடைசியாக ஒரு வேலை. ஃபாரம் கணக்குப்படி பக்கங்கள் 16இன் மடங்கில் வர வேண்டும் என்பதால் கடைசியில் ஒன்றிரண்டு பக்கம் மிஞ்சும், மிஞ்சாவிட்டால் மூன்றாம் அட்டை, அதாவது பின் அட்டையின் உள்பக்கம் இருக்கிறது. புத்தகத்தை முடித்த கையோடு வாசகர் பார்க்கும் பக்கம் அது, அடுத்த புத்தகத்தின் அறிவிப்புக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஒரே ஒரு கட்டம், கீழே ஒரு வரி, எந்த மாதம் என்பது, உங்கள் வாட்ஸ்அப் நம்பர். அடுத்த கதை வரைந்து முடிந்திருந்தால் மட்டும் மாதத்தைப் போடுங்கள், முடியாவிட்டால் நம்பர் மட்டும் போதும். விலையைப் போடவே போடாதீர்கள், அதற்குள் பேப்பர் விலை ஏறியிருக்கும்.